பச்சோந்திக் குட்டிக்குக் கூண்டு அமைப்பது எப்படி?

ஏமன் மலைப்பகுதியைச் சேர்ந்த வெயில்ட் கமீலியன் குட்டியை எடுத்துக்குவோம். அதுக்குக் கண்ணாடித் தொட்டியைவிட வலைக்கூண்டுதான் நல்லது, காற்று தேங்காது. அகலத்தைவிட உயரம் அதிகமா இருக்கணும். உள்ளே செடியும் குறுக்குக் கிளைகளும் வைக்கணும்.

வெப்பம்: உச்சிக் கிளையில் சுமார் 29 டிகிரி செல்சியஸ், கீழே வர வரக் குறையணும். பச்சோந்தி தன் உடல்சூட்டை ஏறி இறங்கித்தான் கன்ட்ரோல் பண்ணும். கூண்டு முழுக்க ஒரே சூடுன்னா அதுக்கு வேற வழியில்லை.

வெளிச்சம்: யூவி-பி விளக்கு தினமும் 12 மணி நேரம். அது இல்லேன்னா வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, வளர்ற எலும்பு வளைஞ்சிடும். ஜன்னல் வெயில் போதாது. கண்ணாடி யூவி-பியைத் தடுத்துடும்.

தண்ணீர், இரை: கிண்ணத்துத் தண்ணியைப் பெரும்பாலும் கண்டுக்காது, இலையில் தெளிச்ச துளியைத்தான் நக்கும். கால்சியம் பொடி தூவின சுவர்க்கோழிப் பூச்சி கொடுக்கலாம். பூச்சி, குட்டியின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிசா இருக்கக் கூடாது. ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்திதான்.

நம்ம ஊர் மரத்துல இருக்கிறது வேற இனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கிறதே குற்றம். பார்த்தா போட்டோ எடுங்க, கையில எடுக்காதீங்க.