மாடல் ஓட்டத் தெரியும். டேட்டாசெட் கட்டத் தெரியுமா?

ஹைட்ராலஜியில் பிஹெச்.டி. செய்கிறீர்களா? எம்.டெக். முடித்து ஜே.ஆர்.எஃப். தேடுகிறீர்களா? உங்கள் ரெஸ்யூமில் 'பைத்தான், எல்எஸ்டிஎம்' என்ற வரி இருக்கும். இன்டர்வியூவுக்கு உங்கள் பக்கத்தில் காத்திருப்பவரின் ரெஸ்யூமிலும் அதே வரி இருக்கும். மாடல் ஓட்டுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நூற்றுக்கணக்கான வடிநிலங்களுக்கு நம்பிப் பயன்படுத்தும்படி டேட்டாசெட் கட்டித் தருபவர்தான் கிடைப்பதில்லை. போட்டி குறைவான அந்த இடத்தைப் பிடியுங்கள்.

1. முதலில் களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையின் அளவுகோல் 'கேமல்ஸ்' வரிசை டேட்டாசெட்டுகள். அமெரிக்காவின் 671 வடிநிலங்களில் தொடங்கியது. 2018-ல் சிலி, 2020-ல் பிரேசில், பிரிட்டன் என்று வளர்ந்தது. (பிரிட்டனிலும் 671-தான், பேப்பரில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.) 2023-ல் வந்த 'கேரவன்' 6,830 வடிநிலங்களை ஒரே வடிவத்தில் தொகுத்தது. இந்தியாவுக்கான 'கேமல்ஸ்-இண்ட்', தீபகற்ப இந்தியாவின் 228 வடிநிலங்களைத் தருகிறது. ஏன் தீபகற்பம் மட்டும்? கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து நதிகளின் நீரோட்டப் பதிவுகள் பொதுவெளியில் கிடைப்பதில்லை. இந்தக் கேள்வி இன்டர்வியூவில் வரும்.

2. வடிநில எல்லை வரைவதில் அவசரப்படாதீர்கள். கேஜ் ஸ்டேஷனின் அட்சரேகை, தீர்க்கரேகை சில நூறு மீட்டர் தள்ளியிருந்தால் போதும், மென்பொருள் முதன்மை ஆற்றை விட்டுப் பக்கத்து ஓடையைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வரைந்த பரப்பளவையும் மத்திய நீர் ஆணையம் தரும் பரப்பளவையும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் க்யூஜிஐஎஸ் திறந்து கண்ணால் பாருங்கள். அலுப்பான வேலைதான். அதனால்தான் இதைச் செய்தவருக்கு மதிப்பு.

3. அலகும் கடிகாரமும். தமிழ்நாட்டு அணை அறிக்கைகள் கன அடியில் பேசும். மத்திய நீர் ஆணையம் கன மீட்டரில் பேசும். நீரோட்டத்தை மழையோடு ஒப்பிட மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும்: வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்பதை 86.4-ஆல் பெருக்கி, சதுர கிலோமீட்டர் பரப்பால் வகுத்தால் நாளொன்றுக்கான மில்லிமீட்டர் கிடைக்கும். ஆண்டு முழுக்கக் கூட்டிப் பாருங்கள். பெய்த மழையைவிட ஓடிய நீர் அதிகமாக வந்தால் எல்லையோ அலகோ மழைப் பதிவோ தவறு. அல்லது வெளியிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வருகிறது.

கடிகாரம் இன்னும் நுட்பமானது. இந்திய வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரம். 'ஈஆர்ஏ5-லேண்ட்' என்ற உலகளாவிய வானிலைத் தரவின் நாளோ யுடிசி கணக்கு. நம் கடிகாரத்தில் காலை 5.30-க்குத் தொடங்குகிறது. அதாவது, வானிலைத் துறை 16-ம் தேதியில் எழுதும் மழையின் பெரும்பகுதி ஈஆர்ஏ5-ல் 15-ம் தேதியில் கிடக்கும். இதைச் சரிசெய்யாமல் இரண்டையும் கலந்தால், உங்கள் மாடல் ஒரு நாள் தள்ளியே வெள்ளத்தைச் சொல்லும். மீட்டிங்கில் இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். கைடு உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

4. ஆற்றைத் தெரிந்தவராக இருங்கள். இங்கேதான் நீங்கள் மற்றவர்களை முந்த முடியும். முசிறியில் காவிரி ஜூன் மாதத்தில் திடீரென ஏறினால் மழை காரணமாக இருக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையைக் குறுவைக்காக வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. இதை அறியாதவர் அந்த ஏற்றத்தைப் பிழை என்று நீக்கிவிடுவார், அல்லது இயற்கை ஓட்டம் என்று நம்பி மாடலுக்குக் கற்றுக்கொடுப்பார். இரண்டும் கேடு. அணை கட்டிய ஆண்டு, ஸ்டேஷனுக்கு மேலே எத்தனை தேக்கங்கள், கால்வாய் எங்கே பிரிகிறது என்று ஒவ்வொரு வடிநிலத்துக்கும் மெட்டாடேட்டாவில் எழுதுங்கள்.

உலக அளவிலும் இதே பாடம்தான். 2024-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், கேரவனின் உலகளாவிய வானிலைத் தரவைவிட அந்தந்த நாட்டு கேமல்ஸ் தரவைக் கொடுத்தபோது மாடல்கள் மேலாக இயங்கின. உள்ளூர் அறிவுக்கு இதைவிட நல்ல சிபாரிசு தேவையில்லை.

5. உரிமத்தை முதல் வாரமே படியுங்கள். டவுன்லோட் ஆகிறது என்பதற்காக மறுபகிர்வு செய்துவிட முடியாது. ஜெர்மனியின் கோப்லென்ஸில் இயங்கும் உலக நீரோட்டத் தரவு மையத்தின் தினசரிப் பதிவுகளைப் பொதுவாக அப்படியே பிறருக்குத் தர அனுமதியில்லை. 2018-ன் 'ஜிசிம்' தொகுப்பு இதற்கு ஒரு வழி காட்டியது: தினசரி எண்களை விட்டுவிட்டு, அவற்றிலிருந்து கணக்கிட்ட மாத, ஆண்டுக் குறியீடுகளை வெளியிட்டது.

6. பெயரை உறுதிசெய்யுங்கள். டேட்டாசெட் பேப்பருக்கு சைட்டேஷன் குவியும். அதனால் ஆசிரியர் வரிசையில் போட்டியும் இருக்கும். வேலை தொடங்கும் முன்பே யார் முதல் ஆசிரியர் என்பதை இமெயிலில் எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் மூன்றாவது பெயராக முடிவீர்கள். நிரலைக் கிட்ஹப்பில் நாள்தோறும் ஏற்றுங்கள். யார் எதைச் செய்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. டேட்டாவை ஜெனோடோ போன்ற களஞ்சியத்தில் டிஓஐ-யோடு வைத்து, டேட்டா பேப்பர்களுக்கான ஜர்னலுக்கு அனுப்புங்கள்.

7. இன்டர்வியூவுக்கு 228 வடிநிலங்களின் வரைபடத்தைத் தூக்கிப் போகாதீர்கள். ஒரே ஒரு ஸ்டேஷனின் ஹைட்ரோகிராஃபை எடுத்துப் போங்கள். எந்த ஏற்றம் மழை, எந்த ஏற்றம் அணை, எங்கே பதிவு விட்டுப்போயிருக்கிறது, அந்த இடைவெளியை ஏன் நிரப்பாமல் விட்டீர்கள் என்று ஐந்து நிமிடம் பேசுங்கள்.