அடியில் தொங்கும் ரப்பர் குழாய்

கேள்வி: தெருநாய் எங்கள் நாயின் விலாவைக் கடித்துவிட்டது. டாக்டர் தையல் போட்டு, அடியில் ஒரு துளையிட்டு ரப்பர் குழாயைத் தொங்கவிட்டிருக்கிறார். நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. அரைகுறை வேலையா?
- ஒரு வாசகி, தாராவி

பதில்: இல்லையம்மா, நல்ல வேலை. நாயின் தோல் தளர்வானது. பல் வெளியே சின்ன ஓட்டைதான் போடும். உள்ளே தோலைத் தசையிலிருந்து பிய்த்து, கிருமியையும் விட்டுப்போகும். இறுக்கித் தைத்து மூடினால் அந்த வெற்றிடத்தில் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கும். அதற்குத்தான் இந்த பென்ரோஸ் குழாய். நீர் பெரும்பாலும் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே இறங்கும். துளை கீழே இருப்பது அதனால்தான். பொதுவாக 3 முதல் 5 நாளில் எடுத்துவிடுவார்கள். வடிதல் அடியோடு நிற்கக் காத்திருக்க மாட்டார்கள். குழாயே கொஞ்சம் நீரைச் சுரக்கவைக்கும்.

துளையை அடைக்காதீர்கள். மஞ்சளும் வேண்டாம். மழைக்காலத்தில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். நக்கிப் பிய்க்காமலிருக்க, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுங்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாளாகும். பிரித்ததும் ஓடவிடாதீர்கள், ஆறிய தழும்பு பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்தை எட்டவே மாதங்களாகும்.

ரேபிஸ் ஊசி முன்பே போட்டிருந்தாலும், கடிபட்டபின் மறுபடி போட வேண்டும். போட்டார்களா என்று இன்றே டாக்டரிடம் கேளுங்கள்.