ஓசையும் காற்றும்: எலுவன்குளத்து வீடொன்றில் கற்ற பாடம்

கலா ஓயா கடலை அடையும் இடத்திற்கு அணித்தாய், வில்பத்து வனத்தின் தெற்கெல்லையில் அமைந்த ஊர் எலுவன்குளம். அங்கே ஓசைத் தொல்லை உண்டென்றால் புத்தளம் நகரத்தார் நகைப்பர். ஆயினும், அமைதி மிகுந்த இடத்திலேதான் சிற்றோசையும் பேரோசையாகச் செவியில் விழும் என்பதை அவ்வூரில் ஓரிரவு தங்கினோர் அறிவர்.

என் தமக்கையார் வீடு அங்குள்ளது. அவர் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். அயல் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரம் வைகறை நான்கு மணிக்கே உறுமத் தொடங்கும். பிள்ளை விளக்கேற்றிப் படிக்க அமரும் நேரமும் அதுவே. "பௌதிகம் படிப்பிக்கிற மாமா இதற்கொரு வழி சொல்லக்கூடாதோ?" என்று அவள் கேட்டாள்.

யான் சொன்ன முதல் வழி பிழையாய் முடிந்தது. அறைச் சுவர்களிலே தும்புப் பாய்களையும் சாக்குகளையும் தொங்கவிடச் செய்தேன். அறை புழுதிக் கிடங்காயிற்றேயன்றி, இயந்திர ஓசை சிறிதும் குறைந்திலது. முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டுவோரும் இப்பிழையையே செய்கின்றனர்.

ஓசையை உறிஞ்சுதல் வேறு, தடுத்தல் வேறு. 1895ஆம் ஆண்டிலே ஹார்வட் பல்கலைக்கழகத்துப் புதிய விரிவுரை மண்டபமொன்றில், பேசுவோர் சொல் எதிரொலியில் மயங்கி விளங்காது போயிற்று. அதனை ஆராய்ந்த வாலஸ் சபைன் என்னும் இளம் பேராசிரியர், இருக்கை மெத்தைகளை இரவிரவாகக் கொணர்ந்து அடுக்கி, மென்மையான பொருள் மிகுந்தோறும் எதிரொலி விரைந்து மடிவதைக் கணித்துக் காட்டினார். மெத்தையும் பாயும் அறைக்குள் பிறந்த ஓசையை அடக்க வல்லன. வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்க இரண்டே வேண்டும்: பாரம், இடைவெளியின்மை.

பாரமான சுவரை அசைப்பது ஓசைக்கு அரிது. சுவரின் பாரத்தை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 5 அல்லது 6 தெசிபெல் குறையும். இருபுறமும் பூசிய அரைச்செங்கற் சுவர் 45 தெசிபெல் வரை தடுக்கும். பூசாத சீமெந்துக் கல்லோ நுண்டுளைகள் உடையதாதலின், ஒருபுறம் பூசினாலே நல்ல பயன் தரும். தமக்கையார் வீட்டுச் சுவர் நன்கு பூசிய செங்கற் சுவர். அங்ஙனமாயின் ஓசை எவ்வழி வந்தது?

கூரைக்கும் சுவர்த்தலைக்கும் இடையே, வெப்பம் வெளியேற விட்ட இடைவெளி வழியே வந்தது. கணக்கைப் பாருங்கள். சுவர் பத்தடி நீளம், பத்தடி உயரம். பரப்பு 100 சதுர அடி. இடைவெளி ஆறங்குல உயரத்தில் பத்தடி நீளம். பரப்பு 5 சதுர அடி. வரும் ஓசையில் இருபதில் ஒரு பங்கு தடையின்றி நுழைகின்றது. ஆகவே 45 தெசிபெல் தடுக்கவல்ல சுவர் 13 தெசிபெல்லே தடுக்கும். நூற்றிலொரு பங்கு துளையிருப்பினும் 20க்கு மேல் ஏறாது. கதவின் கீழுள்ள விரற்கடை இடைவெளியை நாம் பொருட்படுத்துவதில்லை. ஓசை அதனை மறப்பதில்லை.

இடைவெளியைப் பலகையால் அடைத்தோம். ஓசை குறைந்தது. மூன்றாம் நாள் பிள்ளை வியர்வையில் நனைந்து திண்ணைக்கு வந்துவிட்டாள். குளிர்நாட்டார் எழுதிய நூல்கள் யன்னலை இறுக மூடச் சொல்லும். வெப்பத்தைப் பேணுதலும் ஓசையைத் தடுத்தலும் அவர்க்கு ஒரே செயல். நமது கரையிலோ காற்று வரும் வழியே ஓசையும் வருகின்றது. இதுவே நம்மவர் தீர்க்கவேண்டிய கணக்கு.

அடைத்த பலகைகளைக் கழற்றி, அவ்விடத்தே இரட்டைப் பலகைப் பெட்டி அமைத்தோம். வெளிப்பலகையின் அடியில் நீண்ட வாய். உட்பலகையின் மேற்புறத்தே மற்றொரு வாய். நடுவே ஓரடி அகலப் பாதை. அதன் இருபக்கமும் ஈரங்குலத் தும்பு மெத்தை. காற்று வளைந்து செல்லும். ஓசை வளையுந்தோறும் தும்பில் மோதித் தேயும். முன்னர்ப் பயனின்றிக் கிடந்த தும்புக்கு இங்கே தக்க வேலை கிடைத்தது. காற்றின் வேகம் சற்றுக் குறைந்ததென்பதையும் மறைக்கலாகாது. சோளகம் வீசும் மாதங்களில் அது குறையாகத் தோன்றவில்லை.

இயந்திரத்தின் கீச்சொலி மறைந்தது. ஆனால் 'தும் தும்' என்னும் தாழ்சுருதி எஞ்சிற்று. தாழ்சுருதியின் அலை பல அடி நீளமுடையது. ஈரங்குலத் தும்பு அதற்கு ஒரு பொருளன்று. வேலியும் மரவரிசையும் அவ்வாறே. கண்ணை மறைப்பன செவியை மறைப்பதில்லை. மேலும் வைகறையில் நிலத்தை ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும் மேற்காற்று வெம்மையாயும் இருத்தலின், மேலெழும் ஓசை வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கி வரும். பகலிற் கேளாத தொலைவோசை அப்போது கேட்பது இதனாலாம்.

இனி ஓசை பிறக்குமிடத்திற்கே செல்லவேண்டியதாயிற்று. 1996ஆம் ஆண்டின் ஓசைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 தெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. காலை ஆறு மணிவரை இரவே. விதியை எடுத்துரைத்திருக்கலாம். ஆனால் அத்தோட்டக்காரர் பயிரை வைத்துப் பிழைப்பவர், அயலவரும் ஆவார். தமக்கையார் தாமே சென்று, "தம்பி, பிள்ளைக்குச் சோதினை வருகுது" என்றார். அவர் உடனே உடன்பட்டார்.

இயந்திரம் வீட்டிலிருந்து பதினைந்து யார் தொலைவில் இருந்தது. அறுபது யாருக்கு மாற்றினோம். நீர்க்குழாயின் செலவை நாமே ஏற்றோம். வெட்டவெளியிலே தொலைவு இருமடங்காகுந்தோறும் ஓசை 6 தெசிபெல் குறையும். ஆகவே 12 குறைந்தது. புகைபோக்கியை வீட்டிற்கு எதிர்ப்புறம் திருப்பி, நல்ல ஓசையடக்கியும் பூட்டினோம். பெட்டி செய்த தச்சுக்கூலியிலும் இவற்றின் செலவு குறைவு. முதலிலேயே செய்யவேண்டியதை இறுதியிற் செய்தோம்.

மேற்குச் சுவரிலும் அத்தகைய பெட்டி அமைக்கலாமென யான் கூறியபோது தமக்கையார் மறுத்துவிட்டார். வனத்திலிருந்து யானை இறங்கும் இரவுகளில் ஊரவர் வெடி கொளுத்திக் கூவுவர். அவ்வோசை வீட்டினுள் கேட்டாக வேண்டும். அந்த யன்னல் இன்றும் திறந்தே இருக்கின்றது.