தேக்கை விடுங்கள், கண்ணாடியைப் பிடியுங்கள்

கேள்வி: ஐயா, நான் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தவன். என் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் பழைய கறுப்பு வெள்ளை. அதை வில்லியனூரில் ஒரு ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து 30×40 அங்குலத்துக்குப் பெரிதாக்கினோம். ஃபிரேம் கடலூரில் ஒரு கடையில் போட்டோம். "ஒரிஜினல் தேக்கு சார், பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றார் கடைக்காரர். 7,800 ரூபாயை ஜிபேயில் கொடுத்தேன். அவர் தந்த துண்டுச்சீட்டில் "30×40 டீக் பினிஷ், கிளாஸ்" என்று மட்டும் இருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் மரம் உளுத்து மாவு கொட்டுகிறது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, அம்மா முகத்தில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. போய்க் கேட்டால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற போர்டைக் காட்டுகிறார். வழக்குப் போட முடியுமா? அதற்குக் கடலூருக்கு அலைய வேண்டுமா?

பதில்: அலைய வேண்டாம். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு என்பதால் பாகூர்ப் பக்கத்தினர் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், கடைக்காரர் தொழில் செய்யும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. பிரிவு 34-இன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். எனவே புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். கடலூர்க்காரர்தான் இங்கே வர வேண்டும்.

போர்டைப் பார்த்து மிரள வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) சொல்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அவர் திரும்ப எடுக்க வேண்டும். அந்த 30 நாள் உங்களுக்குக் கடந்திருக்கும். அதனால் வழக்கு போய்விடாது. குறைபாட்டுக்கான புகாரை 2 ஆண்டுக்குள் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 69. ஆனால் ஒன்று, இந்தப் பாதுகாப்பு குறையுள்ள பொருளுக்குத்தான். சுவர் நிறத்துக்கு ஃபிரேம் பொருந்தவில்லை, அளவு பெரிதாகிவிட்டது என்று கொண்டுபோனால் கடைக்காரரின் போர்டு நிற்கும்.

இனி முக்கியமான இடம். உங்கள் கடிதத்தில் கோபமெல்லாம் தேக்கின் மேல் இருக்கிறது. வழக்கறிஞனாக நான் அதை முதலில் வைக்க மாட்டேன். சீட்டில் இருப்பது "டீக் பினிஷ்". அதற்குத் தேக்கு போன்ற நிறம், பாலிஷ் என்பதற்கு மேல் பொருளில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரியிலேயே சொல்வார். வாய்ச்சொல்லாகக் கொடுத்த பொய்யான உறுதியும் 2(47)-க்குள் வரும் என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஆர்டர் கொடுத்தபோது வாட்ஸ்ஆப்பில் "தேக்கு" என்று அவர் எழுதியிருந்தால், குரல்பதிவு அனுப்பியிருந்தால், அது பொன். இன்றே எடுத்து வையுங்கள்.

மாவு கொட்டுவதே தேக்கில்லை என்பதற்குச் சான்று என்றும் நினைக்காதீர்கள். தேக்கின் உள்மரமான வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. வெளிப்புற வெள்ளைப் பகுதியில் அறுத்த தேக்கோ உளுக்கும். மர இனத்தைச் சோதித்துச் சொல்ல பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பிரிவு 38-இன்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையமும் உத்தரவிடலாம். ஆனால் சோதனைக் கட்டணத்தை முதலில் உங்களைத்தான் கட்டச் சொல்லும். 7,800 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்று யோசியுங்கள்.

உங்கள் வலுவான ஆயுதம் அந்தக் கண்ணாடி. பிரிண்டின் மேற்பூச்சு ஈரக் காலத்தில் இளகும். இடைவெளி விடாமல் கண்ணாடியை அதன்மேல் வைத்து அழுத்தி மூடினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் சுற்றிலும் அட்டை மவுண்ட் போடுவார்கள், அல்லது ஓரத்தில் மெல்லிய பட்டி வைப்பார்கள். இது வாடிக்கையாளர் தெரிந்துகொண்டு கேட்க வேண்டிய சங்கதி இல்லை. தொழில் தெரிந்தவர் தாமாகச் செய்ய வேண்டியது. எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த உபயோகத்துக்குத் தகுந்திருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. கடற்கரைக்குப் பக்கத்து ஊரில் கடை வைத்திருப்பவர் ஈரத்தை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் எடுபடாது. நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் இது சேவைக் குறைபாடும்கூட. இதற்கு ஆய்வகம் வேண்டாம், ஃபிரேமே சாட்சி.

அதனால் படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்க முயலாதீர்கள். உரித்தால் படமும் கிழியும், வழக்கும் கிழியும். முன்பக்கம், பின்பக்கம், கொட்டிய மாவு எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள். பிறகு கடைக்காரருக்கு 15 நாள் கெடு கொடுத்து அறிவிப்பு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. டெலிவரி சான்றோடு அனுப்பினால் சரி. பாதிப்பேர் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள் என்பது என் அனுபவம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை (நானே சொல்கிறேன்). இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கேட்டுக்கொண்டால் காணொலியில் விசாரிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. 7,800 ரூபாய், மறுபடி பிரிண்ட் போடும் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். அம்மா முகம் என்பதால் லட்சக்கணக்கில் கேட்கத் தோன்றும். மூலப் படம் பத்திரமாக இருக்கையில் அது எடுபடாது. சாதாரண வழக்கை 3 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும்.

அடுத்த ஃபிரேமுக்கு ஆர்டர் கொடுக்கும்போது பில்லில் எழுதி வாங்குங்கள்: மரத்தின் பெயர், அல்லது எம்.டி.எஃப்., சிந்தெடிக் என்று வெளிப்படையாக, கண்ணாடியா அக்ரிலிக்கா, எத்தனை மில்லிமீட்டர், மவுண்ட் உண்டா, பின்பலகை என்ன. 30×40 அளவில் 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 5.8 கிலோ இருக்கும். அக்ரிலிக் அதில் பாதி எடைதான், ஆனால் கீறல் விழும். பழைய வீட்டுச் சுவரென்றால் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள். ஃபிரேம் கடைகள் எல்லாமே அங்குலத்தில்தான் பேசுகின்றன. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படியோ மெட்ரிக் அளவில்தான் விலை சொல்ல வேண்டும். இதை வைத்து யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். சென்டிமீட்டர் அளவையும் சேர்த்து எழுதி வாங்கினால் உங்கள் சீட்டு கெட்டியாகும்.

புதுப் பிரிண்டை வில்லியனூர் ஸ்டுடியோவிலேயே போட வேண்டிய கட்டாயமில்லை. ஸ்கேன் கோப்பை அவர்களிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் போதும்.