உடம்புச் சூடா, நோயா? பிரித்துப் பார்ப்போம்



சித்திரை பிறந்துவிட்டால் நம் திண்டுக்கல் பக்கம் எல்லோர் வாயிலும் வருகிற சொல் ‘உடம்பு சூடு’. வாய்ப்புண் வந்தால் சூடு, நீர்க்கடுத்தால் சூடு, வெள்ளைப்பட்டாலும் சூடுதான்! இதில் எது வீட்டிலேயே தீரும், எதற்கு ஆஸ்பத்திரி போகணும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த மாதப் பாடம்.

சூடு என்பது எது?

சித்த மருத்துவம் உடம்பை வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பார்க்கிறது. இதில் பித்தம்தான் சூடு. அது மிஞ்சினால் உடம்பு காட்டிக்கொடுக்கும். சித்த வைத்தியர்கள் நாடி மட்டும் பார்ப்பதில்லை. நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர், தொட்டுப் பார்த்தல் என்று எட்டு வகையாகச் சோதிப்பார்கள். சீன வைத்தியத்திலும் இப்படித்தான். நாக்கு சிவந்து, மேலே மஞ்சளாகப் படிந்திருந்தால் உள்ளே சூடு என்பார்கள்.

சாதாரணச் சூட்டின் அடையாளங்கள்: கண் எரிச்சல், வாய் வறட்சி, சின்ன வாய்ப்புண், மலச்சிக்கல், சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போவது, உள்ளங்கால் எரிச்சல். தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் காட்டாது.

நமக்கு ஏன் அதிகம்?

நிலக்கோட்டைப் பக்கம் பூ எடுக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் ஒரு பழக்கம் உண்டு. ஒதுங்க இடம் இல்லையே என்று தண்ணீரே குடிக்க மாட்டோம்; வந்த சிறுநீரையும் அடக்குவோம். சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் இது முக்கியக் காரணம்.

வீட்டில் செய்ய வேண்டியது

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், நுங்கு, வெள்ளரிக்காய் நல்லது. டீயைக் குறையுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும். இரண்டு மூன்று நாளில் குறைந்துவிட்டால் அது சூடு.

இதைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள்!

1. நீர்க்கடுப்போடு காய்ச்சல், குளிர், இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். கர்ப்பிணிகள் லேசான கடுப்பு என்றாலும் அன்றைக்கே காட்டணும்.

2. வெள்ளைப்படுதலில் அரிப்பு, நாற்றம், நிறமாற்றம், அடிவயிற்று வலி. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மருந்து இருக்கிறது.

3. கண் மஞ்சளாவது. தண்ணீர் குடித்தும் சிறுநீர் மஞ்சள் மாறாவிட்டால் மஞ்சள் காமாலையா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கீழாநெல்லி மட்டும் தின்றுவிட்டு இருக்க வேண்டாம்.

4. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண். புகையிலை போடுகிறவர்கள் கட்டாயம் காட்டணும், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

5. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு மெலிவது. சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்.

6. வெயிலில் வேலை செய்கிறவர் உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டும், உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சித்த மருத்துவப் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரிகளும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரை வரை போக வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

* சூடு என்று சொல்லி நாம் மறைத்துவைத்திருக்கும் தொந்தரவு எது?
* வேலை செய்கிற இடத்தில் பெண்கள் ஒதுங்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கேட்பது?

இரண்டாவது கேள்விக்குத் தீர்மானம் எழுதி, ஊராட்சியில் கொடுங்கள். தனியாளாகக் கேட்கக் கூச்சப்படுகிறதைக் குழுவாகக் கேட்கலாமே!