லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லையா? கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய 16 விஷயங்கள்

சார்ஜர் சொருகியிருக்கிறது. ஆனால், திரையின் மூலையில் 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வருகிறது. உடனே 'பேட்டரி போச்சு' என்று முடிவு கட்டி, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது பேட்டரி வாங்கி மாட்டிய பிறகும் சார்ஜ் ஏறாமல் தவிப்பவர்கள் உண்டு. சுவரில் இருக்கும் பிளக் பாயின்டிலிருந்து பேட்டரி வரைக்கும் கரன்ட் வருகிற வழியில் கோளாறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டுப் பிறகு பர்ஸைத் திறப்பதுதான் புத்திசாலித்தனம்.

1. மிச்சமிருக்கும் சார்ஜ் தீர்வதற்குள் முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ காப்பி எடுத்துவிடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சார்ஜே தீர்ந்து, சார்ஜர் வழியாகவும் லேப்டாப் உயிர் பெறாவிட்டால், பிள்ளையின் புராஜெக்ட்டை வெளியே எடுக்கக்கூட மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும்.

2. 60 அல்லது 80 சதவீதத்தில் சொல்லிவைத்தாற்போல நின்றுவிடுகிறதா? அநேகமாக அது கோளாறே இல்லை. பேட்டரியின் ஆயுளைக் கூட்டுவதற்காக கம்பெனிகளே வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. லெனோவோவில் 'வான்டேஜ்' ஆப்பில் 'கன்சர்வேஷன் மோட்', ஏசுஸில் 'மைஏசுஸ்' ஆப்பில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், ஆப்பிளில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' என்று பெயர் மாறும். முழுசாக ஏற வேண்டுமென்றால் அதை அணைத்தால் போதும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள் அணைக்காமல் விடுவதே நல்லது.

3. அடுத்து சுவரைப் பாருங்கள். அதே பாயின்டில் போன் சார்ஜரைச் சொருகினால் போனில் சார்ஜ் ஏறுகிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகப் போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் போடுங்கள். பழைய பாக்ஸ்களில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, பிளக் லொடலொடவென்று ஆடும். அந்த இடத்தில் கரன்ட் விட்டு விட்டு வரும்.

4. சுவருக்கும் அடாப்டர் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் பவர் கார்டைப் பலரும் சந்தேகிப்பதே இல்லை. அடாப்டரில் சொருகும் முனை லேசாக வெளியே வந்திருந்தாலும் சார்ஜ் ஏறாது. அழுத்திச் சொருகிப் பாருங்கள். மூன்று துளை கொண்ட இந்த கார்டு பல கம்பெனி லேப்டாப்புகளுக்கும் பொது. பக்கத்து வீட்டில் ஐந்து நிமிடம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். கார்டுதான் பழுது என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். முழு சார்ஜரையும் வாங்க வேண்டியதில்லை.

5. அடாப்டரில் சின்ன லைட் இருந்தால் அது நிறையச் சொல்லும். சுவரில் போட்டும் எரியவில்லை என்றால் கார்டோ அடாப்டரோ பழுது. லேப்டாப்பில் சொருகாதபோது எரிந்து, சொருகிய கணமே அணைந்தால் லேப்டாப்புக்குள் ஷார்ட் இருக்கலாம். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காமல் கழற்றி வையுங்கள். அடாப்டரிலிருந்து மெல்லிய வயர் புறப்படும் கழுத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். இறுக்கிச் சுற்றிச் சுற்றி வைப்பதால் உள்ளே வயர் முறிவது பெரும்பாலும் அங்கேதான். கருகிய வாடை வந்தால் அந்த சார்ஜரை மறுபடி தொடாதீர்கள்.

6. அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: சுமார் 65 வாட். வேறு சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவும் பொருந்த வேண்டும். வாட் குறைவான சார்ஜரைப் போட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது. வேலை செய்யச் செய்ய இறங்கவும் செய்யும். லேப்டாப்பை ஷட் டவுன் செய்துவிட்டு சார்ஜ் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் ஏறினால், சார்ஜருக்குச் சக்தி போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

7. டெல், ஹெச்பி லேப்டாப்புகள் பலவற்றின் சார்ஜர் பின்னுக்குள் எட்டிப் பாருங்கள். நட்ட நடுவில் மெல்லிய ஊசி ஒன்று நிற்கும். கரன்ட் வருவது அதன் வழியாக அல்ல. 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதுதான் அதன் வேலை. அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. டெல்லில் ஆன் செய்யும்போது 'அடாப்டர் வகையைக் கண்டறிய முடியவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தியும் வரும். அது வந்தால் முதலில் சார்ஜரைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும், பேட்டரியை அல்ல.

8. வீட்டில் மல்டிமீட்டர் இருந்து, அதைப் பயன்படுத்திப் பழக்கமும் இருந்தால், டிசி வோல்ட்டில் வைத்து உருண்டைப் பின்னை அளக்கலாம். லேபிளில் உள்ள எண்ணை ஒட்டி வந்தால் அடாப்டர் ஓரளவுக்கு நல்ல நிலையில் இருக்கிறது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனம். டைப்-சி சார்ஜரை இப்படி அளக்க முடியாது. லேப்டாப்புடன் பேசி முடித்த பிறகுதான் அது தேவையான வோல்ட்டைக் கொடுக்கும்.

9. டைப்-சி சார்ஜர் என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லா டைப்-சி துளையும் சார்ஜ் வாங்காது. சில, ஃபைல் மாற்றுவதற்கு மட்டுமே. துளைக்குப் பக்கத்தில் பிளக் அல்லது பேட்டரி படம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, போனுக்கு வந்த 18 வாட் சார்ஜர் லேப்டாப்புக்குப் பத்தாது. கேபிளும் முக்கியம். பல லேப்டாப்புகளுக்குத் தேவையான 20 வோல்ட்டை, 'பவர் டெலிவரி' வசதியுள்ள சார்ஜரும் அதற்கேற்ற கேபிளும் சேர்ந்தால்தான் தரமுடியும்.

10. சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பையின் நூல், தூசி, பிஸ்கட் துகள் எல்லாம் அங்கே அடைந்திருக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் கழற்றிய பிறகு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷாலோ மரத்தாலான பல்குச்சியாலோ மெதுவாக எடுங்கள். ஊக்கு, ஹேர்பின் கூடவே கூடாது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

11. பின்னைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் ஏறுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால், லேப்டாப்புக்குள் இருக்கும் சார்ஜிங் ஜாக் தளர்ந்திருக்கலாம். சொருகியபடியே மடியிலும் கட்டிலிலும் வைத்து வேலை பார்ப்பதால் வருவது இது. புத்தகத்தை முட்டுக்கொடுத்து ஓட்டாதீர்கள். தீப்பொறி வந்து மதர்போர்டு வரை பாதிக்கலாம். பல மாடல்களில் ஜாக்கை மட்டும் தனியாக மாற்றிவிட முடியும்.

12. தொட்டால் சுடுகிறதா? லித்தியம் அயான் பேட்டரி சூடு ஏறினால், சுமார் 45 டிகிரியைத் தாண்டும்போது, பாதுகாப்புக்காக சார்ஜ் ஏறுவதைப் பொதுவாக லேப்டாப்பே நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்த லேப்டாப்பை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சார்ஜ் போட்டால் ஏறாதது இதனால்தான். ஃபேன் காற்றில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் வேலை வேண்டாம். மெத்தை, தலையணை மீது வைத்தால் காற்றுத் துளை அடைபட்டு மறுபடி சுடும்.

13. இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் 'பவர் ரீசெட்' செய்யுங்கள். ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முழுசாக 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்புகள் போல, பேட்டரியைக் கழற்றும் வசதி இருந்தால், அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். அப்படியே பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டியும் பாருங்கள். ஓடினால் சார்ஜரும் ஜாக்கும் பெரும்பாலும் சரி. சந்தேகம் பேட்டரி மீதுதான். விண்டோஸில் இன்னொன்றும் செய்யலாம்: 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'பேட்டரீஸ்' பகுதியில் மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ பேட்டரி என்று இருப்பதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் தானாகவே அதைத் திரும்ப நிறுவிக்கொள்ளும்.

14. பேட்டரி கிழடு தட்டிவிட்டதா என்பதை லேப்டாப்பிடமே கேட்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ரிப்போர்ட் எங்கே சேமிக்கப்பட்டது என்பதும் அங்கேயே வரும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' புதிதில் இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' இன்றைய கொள்ளளவு. 40,000-க்கு 36,000 என்றால் நல்ல ஆரோக்கியம். 15,000-க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மேக்கில் செட்டிங்ஸில் 'பேட்டரி ஹெல்த்' பகுதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பீரோவில் தூங்கிய லேப்டாப் என்றால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரி கண் விழிக்கச் சில மணி நேரம்கூட ஆகலாம்.

15. டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா, அல்லது லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கலாம். மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். அமுக்குவது, குத்துவது, வளைப்பது ஆபத்து, தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் சொல்லிக் கழற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது.

16. பழுது பார்க்கக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். 'சார்ஜ் ஏறலை' என்று மட்டும் சொல்லாமல், 'வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தேன், ரீசெட் பண்ணினேன், ரிப்போர்ட்டில் இவ்வளவு வருகிறது' என்று சொல்லுங்கள். வாரன்ட்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள். புது சார்ஜரோ பேட்டரியோ வாங்கும்போது பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். விலை மலிவு என்பதற்காக முத்திரை இல்லாத சார்ஜரை வாங்கி, இரவு முழுக்கப் பிள்ளைகள் தூங்கும் அறையில் போட்டு வைக்காதீர்கள்.