நஞ்சும் மருந்தும்: களக்காட்டு மலைத் தாவரங்கள் புகட்டும் பாடம்

திருநெல்வேலிச் சீமையின் மேற்கெல்லையாக உயர்ந்து நிற்பன களக்காட்டு மலைகள். பச்சையாறு இங்கே தோன்றிப் பொருநையிற் கலக்கிறது. 1976இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இக்காடு, 1988இல் முண்டந்துறைக் காட்டோடு இணைந்து தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகம் ஆயிற்று. இதற்கு அணித்தேயுள்ள சிங்கிகுளத்துக் குன்றில் பண்டு சமணப் பள்ளி ஒன்று விளங்கியது. இன்று பகவதியம்மன் கோயிலாக வழிபடப்பெறும் அவ்விடத்தில் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளது. ஆதலின் இம்மலைநாடு நமக்குப் புதியதன்று.

இங்கே உயிர் காக்கும் மூலிகையும் உயிர் போக்கும் நச்சுச் செடியும் ஒரே சரிவில் அருகருகே வளர்கின்றன. அவற்றைப் பிரித்தறிதல் உடலைக் காக்கும் கல்வி. சாவகர்க்கு அதுவே அறக்கல்வியும் ஆகும்.

மருந்தின் பெயரால் அறநூல்

நம் முன்னோர் மருந்தையும் அறத்தையும் வேறாக எண்ணவில்லை. சமணப் பெரியார் காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் எனப் பெயரிட்டார். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர் உடற்பிணி நீக்குவது போல, ஒவ்வொரு பாட்டிலும் கூறிய ஐந்து கருத்துகள் உயிர்ப்பிணி நீக்கும் என்பது அவர் உட்கோள். கணிமேதாவியாரின் ஏலாதியும் ஏலம் முதலாகிய ஆறு பொருள் சேர்ந்த மருந்தின் பெயர் தாங்கியதே. வடமொழியில் உக்ராதித்தர் இயற்றிய கலியாணகாரகம் என்னும் மருத்துவநூல் ஊன், தேன், கள் ஆகிய மூன்றையும் விலக்கியே மருந்து கூறுகிறது. நோய் தீர்க்கவும் பிறிதோருயிரை வருத்தலாகாது என்பது அதன் நெறி.

தீங்கு செய்வன

எட்டி: காஞ்சிரம் எனவும் பெயர் பெறும். ஈயாதார் செல்வத்துக்கு இதன் கனியை உவமை கூறுவது நம் நாட்டு வழக்கு. ஆரஞ்சு நிறத்துக் கனி கண்ணைக் கவரும்; உள்ளிருக்கும் தட்டையான விதையோ கொடிய நஞ்சு. எட்டியினத்து விதையினின்று ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சினைப் பிரெஞ்சு வேதியியலார் 1818இல் பிரித்தெடுத்தனர். அது தசைகளை இழுத்து விறைக்கச் செய்து மூச்சை நிறுத்தும். சித்த மருத்துவர் இவ்விதையை முறைப்படி சுத்தி செய்து மிகச் சிறிய அளவிலேயே பயன்படுத்துவர்.

செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்பனவும் இதுவே. இதன் விதையிலுள்ள கால்சிசின் ஊதமூட்டு வாதத்துக்கு மருந்து. அதன்பொருட்டுத் தமிழ்நாட்டில் பயிரிடவும் படுகிறது. அதே கால்சிசின் நிறைந்த கிழங்கை உண்ணும் கிழங்கென மயங்கி உண்டு இறந்தோர் இலங்கையில் உளர்.

குன்றிமணி: பொற்கொல்லர் எடைக்குக் கொண்ட சிவந்த விதை. முழுதாக விழுங்கினால் கடின ஓட்டின் காரணமாகப் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறும். மென்றாலும் துளையிட்ட மணியை விழுங்கினாலும் உயிர்க்கு இறுதி நேரலாம். சிறார் விளையாட்டுக்கு இதனைக் கோத்துத் தருதல் கூடாது.

ஊமத்தையும் அரளியும்: ஊமத்தை அறிவை மயக்கிப் பிதற்ற வைக்கும். அரளியும் மஞ்சள் அரளியும் இதயத் துடிப்பைக் குலைக்கும். மலருக்காக வீட்டு வாயிலில் வளர்ப்போர் குழந்தைகள் நடமாடும் இடத்தினின்று இவற்றைத் தள்ளி வைத்தல் நலம்.

ஈசுரமூலியும் ஆடுதின்னாப் பாளையும்: கிராமங்களில் நச்சுக்கடிக்கும் குடற்புழுவுக்கும் இவற்றைக் கொடுத்து வந்தனர். இவ்வினத்துச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கிப் புற்றுநோயும் விளைவிப்பது இப்போது உறுதியாகியுள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய வேண்டி இவ்வினத்து மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தனர். “செடிதானே, கெடுதல் செய்யாது” என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இது சான்று.

நன்மை செய்வன

ஆடாதோடை ஆடும் தொடாத கசப்பினது. இருமலுக்கும் சளிக்கும் வழிவழியாக வழங்குவது. இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே சளியிளக்கும் புரோம்எக்சின் என்னும் ஆங்கில மருந்து உருவாயிற்று. நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றும் சேர்ந்தது திரிபலை. நிலவேம்புக் குடிநீர் காய்ச்சலுக்கு வழங்குவது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் நம் இல்லங்கள் அறிந்ததே. பச்சை இஞ்சியை விலக்கும் சமணரும் உலர்ந்த சுக்கை மருந்தாகக் கொள்வர்.

இம்மலைத் தொடரின் பழங்குடியினர் காணிக்காரர். அவர்கள் காட்டுவழி நடக்கும்போது களைப்பு நீங்க ஆரோக்கியப் பச்சை என்னும் சிறு செடியின் காயை உண்பர். 1987இல் கேரளப் பகுதிக் காணியர் வாயிலாக இதனை அறிந்த அறிவியலார், திருவனந்தபுரத்தையடுத்த பாலோடு தாவரவியல் தோட்ட ஆய்வு நிலையத்தில் ஆய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். அதன் வருவாயில் பாதி காணியர்க்கு உரியதென முடிவாயிற்று. பிறர் அறிவைக் கவராது பங்களித்த இச்செயல், கள்ளாமை என்னும் நம் அணுவிரதத்தோடு ஒத்தது.

நஞ்சு எவர்க்கு?

எட்டிக் கனியை இருவாய்ச்சிப் பறவை உண்டு விதை பரப்புகிறது. எருக்கிலை நமக்கு ஆகாது. வண்ணத்துப்பூச்சியின் புழு ஒன்றுக்கு அதுவே உணவு. ஈசுரமூலியை உண்டே மலைக்காட்டின் பெரிய பொன்னிறச் சிறகு வண்ணத்துப்பூச்சி வளர்கிறது. அநேகாந்த நோக்கில் கூறினால், செடி தன்னளவில் தீயதன்று; உண்பவர், அளவு, பக்குவம் ஆகியவற்றைச் சார்ந்து நஞ்சாகவும் மருந்தாகவும் நிற்கிறது. ஆகவே ‘தீய செடி’ என்று கண்ட இடமெல்லாம் வேரறுத்தல் சாவகர்க்குத் தகாது. அதுவும் ஓரறிவுயிரே.

சாவகர் கடமை

முதலாவது, பெயரறியாக் கனி உண்ணாமை. விலக்கத்தக்க 22 பொருள்களுள் இதுவும் ஒன்று. கிம்பாகக் கனி கண்ணுக்கும் நாவுக்கும் இனிதாய் முடிவில் உயிர் கொல்வது எனச் சமண நூல்கள் புலனின்பத்துக்கு உவமை கூறும். காட்டுவழிச் சுற்றுலா செல்லும் இளைஞர்க்கு இவ்விரதம் இன்றும் உயிர்க்காப்பு.

இரண்டாவது, அநர்த்த தண்ட விரதம். படைக்கலமும் நஞ்சும் பிறர்க்கு வழங்குதல் இம்சாதானம்; பயனின்றிச் செடிகொடி அறுத்தல் பிரமாதசரியை. இரண்டையும் விலக்குமாறு இரத்தினகரண்டகம் அறிவுறுத்துகிறது. காப்பகக் காட்டில் மூலிகை பறித்தல் சட்டத்துக்கும் மாறானது.

மூன்றாவது, ஔடத தானம். நான்கு தானங்களுள் ஒன்றாகிய இதனை அறியாது செய்தால் தானமே நஞ்சாகும். அண்டை வீட்டார்க்குப் பச்சிலை கொடுக்குமுன் செடி இன்னதெனத் தேர்ந்தோரிடம் உறுதி செய்க. எவரேனும் நச்சுச் செடி உண்டதாக ஐயுற்றால், வாந்தி எடுக்கச் செய்தல் முதலான கைவைத்தியத்தில் காலம் கடத்தாது, அச்செடியின் ஒரு பகுதியையும் உடன்கொண்டு மருத்துவமனைக்கு விரைக.

சிந்தனைக்கு

1. சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய நூல்கள் மருந்தின் பெயர் பெற்றது ஏன்?
2. பெயரறியாக் கனி உண்ணாமையால் உடலுக்கும் உயிர்க்கும் விளையும் நன்மை யாது?
3. ‘நச்சுச் செடி’ என்னும் சொல்லை அநேகாந்த நெறியில் எவ்வாறு விளக்குவீர்?
4. உம் வீட்டைச் சுற்றியுள்ள செடிகளுள் எவை குழந்தைகள் எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்?

பெற்றோர் தம் மக்களோடு அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை காண்பாராக.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!